பதினைந்தாம் தேதி ஆயிரம் ரூபாய்: நகரத்து ஏழை வீட்டில் அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது

குடும்பத் தலைவிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் உடனே வரும். ஒன்று, "இந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும்?" இன்னொன்று, "சும்மா கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்." இரண்டு பேரும் அந்த வீட்டின் வரவு செலவைப் பார்த்ததில்லை. சென்னை போன்ற நகரத்தில் இந்தப் பணம் என்ன செய்கிறது என்பதற்கு விடை தொகையில் பாதிதான் இருக்கிறது. எந்தத் தேதியில் வருகிறது, யார் கணக்கில் விழுகிறது, வரும் வழியில் எத்தனை வாசல்கள் என்பதில்தான் மீதி.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டட வேலை. கூலி அன்றன்றைக்கு, இல்லாவிட்டால் சனிக்கிழமை. மனைவி இரண்டு வீடுகளில் வேலை பார்க்கிறார். சம்பளம் மாதத்தின் முதல் வாரம். செலவுகள் இந்தத் தேதிகளை மதிப்பதில்லை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை, வீட்டுக்காரர் கேட்கும்போது கரண்டுக் காசு, தீர்ந்த அன்றைக்கே சிலிண்டர், ஜூனில் பள்ளிக்கூடம். அக்டோபர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நாட்கள் பாதியாகக் குறையும், வாடகை குறையாது. கிராமத்தில் கொஞ்சமாவது இருக்கும் விறகு, கீரை, அண்ணாச்சி கடையில் நீண்ட நாள் நம்பிக்கைக் கணக்கு எல்லாம் இங்கே மெலிந்துபோயிருக்கும். எதற்கும் கையில் காசு வேண்டும்.

அந்த இடைவெளியைத் தண்டல் நிரப்புகிறது. பத்தாயிரம் கேட்டால் எட்டாயிரத்து ஐந்நூறு கைக்கு வரும். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் இது மாதத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது. தவணை இரண்டு நாள் தவறினால் தெருவில் நின்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேறொரு தண்டலில் வாங்கி இதைக் கட்டுவது வழக்கம்.

இந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் என்பது பத்து நாள் தவணை. அதைக் கொண்டு யாரும் கடனை அடைத்து வெளியே வந்துவிட முடியாது. ஆனால் வேலை இல்லாத ஒரு வாரத்தில் இரண்டாவது தண்டலுக்குப் போகாமல் தடுக்க அது போதும். நகரத்தில் இந்தத் தொகையின் பெரிய பலன் இதுதான் என்பது எங்கள் கணிப்பு: வாங்காமல் விட்ட கடன். கணக்கெடுப்புகளில் இது எளிதில் தட்டுப்படாது, ஏனென்றால் "எதற்குச் செலவழித்தீர்கள்" என்றுதான் கேட்பார்கள், "எதை வாங்காமல் விட்டீர்கள்" என்று கேட்பதில்லை.

திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. அண்ணா பிறந்த நாள், அண்ணா பிறந்த ஊர். தேதி அவருக்காக அமைந்தது. மாதாமாதம் பதினைந்தாம் தேதியை ஒட்டிப் பணம் விழுவது, திட்டமிட்டோ திட்டமிடாமலோ, நகரத்துக் குடும்பத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. முதல் வாரச் சம்பளம் வாடகையோடு போய்விடும்; மாத நடுவில்தான் அஞ்சறைப் பெட்டி காலி. திட்டம் தொடங்கிய மாதத்தில் சென்னையில் வீட்டு சிலிண்டர் 918 ரூபாய் 50 காசு. எடுத்து வருபவருக்குக் கொடுக்கும் முப்பது, ஐம்பதையும் சேர்த்தால் அந்த மாதத்து உரிமைத் தொகை ஏறக்குறைய ஒரு சிலிண்டர். இல்லையென்றால் நாளுக்கு அரை லிட்டர் நீல ஆவின் பாக்கெட், இருபது ரூபாய் வீதம் மாதம் அறுநூறு. மீதியில் குழுக் கடன் தவணையின் ஒரு துண்டு. பெண்கள் பெரும்பாலும் இதை இப்படி ஒரே காரியத்துக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாப் பணத்தோடும் கலந்துவிட்டால் காணாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

டாஸ்மாக்குக்குப் போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: இப்படிப்பட்ட ரொக்க உதவித் திட்டங்கள் குறித்துப் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி 2014-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பணத்தால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே சொன்னது. பெண் பெயரில் உள்ள கணக்கில் விழுவதும் காரணம். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் யார் கையில் இருக்கின்றன என்பதில்தான் அந்தப் பாதுகாப்பு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணை அட்டையின் பின்னால் எழுதி வைப்பது பல வீடுகளில் உண்டு. அப்படி இருந்தால் கணக்கு யார் பெயரில் இருந்தும் பயனில்லை.

இனி வாசல்கள். 2023 ஜூலை, ஆகஸ்ட்டில் ரேஷன் கடை வாரியாக டோக்கன் கொடுத்து முகாம் நடத்தினார்கள். 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 1.06 கோடிக்குச் சற்று மேல் ஏற்கப்பட்டன. மூன்றில் ஒன்றுக்கு மேல் தள்ளுபடி. வசதி உள்ளவர்கள் விண்ணப்பித்தது ஒரு பகுதிதான். விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக எழுதப்பட்டதால் நகரத்து ஏழைகளுக்கு அவை வேறு மாதிரி கடிக்கின்றன.

முதலில் வருமானம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டட வேலையில் ஒருவர் நாளுக்கு 800 ரூபாய் வாங்கி, மாதம் 26 நாள் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 2,49,600. வரம்புக்கு நானூறு ரூபாய் குறைவு. மனைவி ஒரே ஒரு வீட்டில் வேலைக்குப் போனாலும் வரம்பு தாண்டிவிடும். 26 நாள் வேலை யாருக்கும் எல்லா மாதமும் கிடைப்பதில்லை, வருமானச் சான்று கேட்கவும் இல்லை என்பதால் பலர் தப்பினார்கள். ஆனால் படிவத்தில் நேர்மையாக "நாள் கூலி 800" என்று சொல்லிப் பெருக்கிப் போட்டவர்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வைத்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு மூன்று லட்சம். கடன் கொடுக்கும்போது ஏழையாக இருக்கும் குடும்பம், உதவி கேட்கும்போது ஏழையாக இல்லாமல் போகிறது.

நில வரம்பு, ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய், நகரத்தில் யாரையும் வடிகட்டாது. அதன் இடத்தில் மின்சாரம் வேலை செய்கிறது: ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒற்றை அறையில் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, டிவி, சின்ன ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர் இதைத் தொடவே மாட்டார். சிக்கல் மீட்டரில். ஒரே இணைப்பிலிருந்து நாலைந்து குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வீட்டுக்காரர் வசூலிப்பார். மின் வாரியம் தரும் நூறு இலவச யூனிட்டும் இவர்களைச் சேராது. இந்த லட்சணத்தில் விண்ணப்பத்தில் எழுதுவது வீட்டுக்காரரின் இணைப்பு எண். நாலு குடித்தனத்தின் யூனிட்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. இப்படித் தள்ளுபடி ஆனால், மேல்முறையீட்டில் வாடகைக்கு இருப்பதையும் அந்த எண்ணில் எத்தனை குடித்தனங்கள் என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். சும்மா "நான் ஏழை" என்று எழுதினால் கணினியில் உள்ள எண்ணே ஜெயிக்கும்.

ரேஷன் அட்டை அடுத்த சங்கடம். திட்டம் அட்டையைத்தான் குடும்பம் என்று பார்க்கிறது. ஓர் அட்டைக்கு ஒரு பெண். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அட்டையில் ஆண் தலைவர் என்றால் அவர் மனைவி தலைவியாகக் கருதப்படுவார். கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரே வீட்டில் மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று உலை என்று இருக்கும். அட்டை மட்டும் ஒன்று. தனி அட்டை கேட்டால் தனிச் சமையல், தனி கேஸ் இணைப்பு எங்கே என்று பார்க்க வருவார்கள். முன்னூறு சதுர அடியில் எதைத் தனியாகக் காட்டுவது? இதற்கிடையே திட்டம் அறிவிக்கப்பட்டதும் புதிய அட்டைக்கு விண்ணப்பங்கள் குவிய, வழங்குவதே நீண்ட நாள் நின்றுபோனது. சொந்த ஊர் அட்டையை வைத்துக்கொண்டு நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் முகாமுக்காக ஊருக்குப் போய் வர வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம் இரண்டும் கையை விட்டுப் போனால் முதல் மாதத் தொகையில் பாதி போய்விட்டது.

வாகன விதியும் ஒரு சத்தமில்லாத பொறி. சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்பது சரியான விதிதான். பழைய காரை வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விற்றவர்கள் நகரத்தில் நிறைய. வண்டி யாரிடமோ ஓடுகிறது, ஏட்டில் இன்னும் இவர் பெயர். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியும்வரை தொகையும் வராது, அந்த வண்டியின் அபராதங்கள் மட்டும் தவறாமல் வரும்.

முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி இருக்கும் வீடுகளையும் முதலில் விலக்கி வைத்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட்டிலேயே அந்த விதியைத் தளர்த்தி, அந்த வீட்டின் மற்ற பெண்களுக்குச் சிறப்பு முகாம் வைத்தார்கள். 2025-இல் இன்னும் சில தளர்வுகள் வந்தன. அரசு மானியத்தில் நான்கு சக்கர வண்டி வாங்கியவர்கள் அதில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய முகாம்களில் வந்த விண்ணப்பங்களைச் சரிபார்த்து டிசம்பரில் புதியவர்களைச் சேர்த்தபோது மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 1.30 கோடி ஆனது.

தகுதி கிடைத்த பிறகும் பணம் வழியில் நிற்கும் இடம் வங்கி. திட்டம் தொடங்கிய வாரத்திலேயே சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் குறைவுக்கு என்றும் சேவைக் கட்டணத்துக்கு என்றும் இந்த ஆயிரத்திலிருந்து பிடித்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. இது ஏன் நடக்கிறது என்றால், நகரத்துப் பெண்களிடம் இருக்கும் கணக்குகள் பல விதம். எப்போதோ வேலை செய்த கம்பெனியில் சம்பளத்துக்குத் திறந்தது, வேலை போனதும் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறியிருக்கும். அதில் குறைந்தபட்ச இருப்பு வேண்டும். பல மாதம் வெறுமனே கிடந்த கணக்கில் அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வரவு வந்ததும் மென்பொருள் தானாக வழித்து எடுத்துக்கொள்ளும். எந்த மேலாளரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. 2025-இல் கனரா, இந்தியன் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைக் கைவிட்டன. தனியார் வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதைவிடக் குழப்பமானது ஆதார் இணைப்பு. ஒரு பெண்ணின் ஆதார் எண்ணை மூன்று வங்கிகளில் கொடுத்திருக்கலாம். அரசு ஆதார் எண்ணுக்குப் பணம் அனுப்பினால், தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் கடைசியாக எந்த வங்கி ஏறியிருக்கிறதோ அங்கேதான் போகும். குழுக் கடனுக்காகப் புதிய கணக்கு திறக்கும்போது நீட்டிய படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார். அன்றிலிருந்து பணம் திசை மாறிவிடும். பழைய பாஸ்புக்கில் பதிந்து பார்த்துவிட்டு "பணம் நின்றுபோச்சு" என்று அலைவார்கள், பணம் இன்னொரு வங்கியில் சேர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புதிய கணக்கில் கடன் தவணை தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் இருந்தால், சேர்ந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ரொக்கத்தைப் பற்றிய விவாதத்தில் புதுச்சேரியை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாக இருக்கும்போது அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் வருகிறது. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் தொடங்கிய சோதனை வேறு: அரிசிக்குப் பதில் பணம். பின்னாளில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு மாதம் 600, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 300 என்று, 20 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் கிலோ முப்பது ரூபாய்க் கணக்கில் கொடுத்தார்கள். சந்தையில் முப்பது ரூபாய்க்கு வீட்டார் சாப்பிடும் அரிசி கிடைப்பது அரிதாகிக்கொண்டே போனது. விலை ஏறினால் அந்த ஏற்றம் முழுவதும் குடும்பத்தின் தலையில். புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி மூன்றிலும் தொடக்க கால நிலையை ஆராய்ந்தவர்கள், அரசு ஏட்டில் பணம் போய்ச் சேர்ந்ததாக இருந்தபோதே கணிசமான குடும்பங்கள் தங்களுக்கு வரவில்லை என்று சொன்னதைப் பதிவு செய்தார்கள். பொய் யாரும் சொல்லவில்லை. முன்சொன்ன கதைதான், எந்தக் கணக்கில் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. மூடிக் கிடந்த ரேஷன் கடைகளை 2024 அக்டோபரில் மீண்டும் திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். "மேலே" கொடுக்கும் பணத்தையும் "பதிலுக்கு" கொடுக்கும் பணத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது தவறு. விலையேற்றத்தில் முதலாவது மெலியும், இரண்டாவது கவிழ்த்துவிடும்.

மெலிவதும் சின்ன விஷயம் இல்லை. ஆயிரம் என்ற எண் விலைவாசியோடு கட்டப்படவில்லை. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு விலை ஏறினால் மூன்றாவது ஆண்டு முடிவில் அதன் வாங்கும் திறன் 864 ரூபாய். இதற்கு எதிர்முனையில் இருப்பது மகளிர் இலவசப் பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. படிவம் இல்லை, ஆதார் இல்லை, மீட்டர் எண் இல்லை. பேருந்துக் கட்டணம் ஏறினால் உதவியின் மதிப்பும் தானாக ஏறும். செம்மஞ்சேரியிலிருந்து அடையாறுக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு இது உரிமைத் தொகைக்குச் சமம், சில மாதம் அதைவிட மேல். பேருந்து நேரத்துக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

நகரத்துக்கே உரிய ரொக்க உதவி ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது அங்கே இருந்தவர்களுக்குத் தரும் கருணைத் தொகை. 8,000 ஆக இருந்ததை 2021-இல் 24,000 ஆக்கினார்கள். நல்ல உயர்வு. பதினெட்டு மாதத்தில் வீடு கட்டி முடித்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய். பக்கத்துத் தெருவில் அறை வாடகை அதைப் போல மூன்று நான்கு மடங்கு, அட்வான்ஸ் தனி. மொத்தமாகக் கையில் வரும் தொகை அட்வான்ஸுக்கே போய்விடும், பிறகு மாதாமாதம் சொந்தக் காசு. கட்டட வேலை இழுத்தால் தொகை இழுபடாது. கூவம், அடையாறு கரையிலிருந்து பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டவர்களுக்கு வீடு மாறும் செலவுக்கு 5,000, ஓராண்டுக்கு மாதம் 2,500 என்று தந்தார்கள். மாதத் தொகை என்பது நல்ல வடிவம். ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனதால் இழந்த வீட்டு வேலைகள் பன்னிரண்டு மாதத்தில் திரும்பக் கிடைத்துவிடும் என்பது காகிதத்தில் போட்ட கணக்கு.

பணம் நின்றுவிட்டால் அல்லது வரவே இல்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லிவிடுகிறோம். முதலில் வங்கிக்குப் போகாதீர்கள், இ-சேவை மையத்துக்கும் போகாதீர்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ஆதார் எண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்து, எந்த வங்கி இணைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். கைபேசி எண் ஆதாரில் பழையதாக இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. தள்ளுபடிக்கான காரணமும் குறுஞ்செய்தியில்தான் வருகிறது, பழைய எண்ணுக்குப் போனால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இணைப்பில் வேறு வங்கி இருந்தால் அந்தக் கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே முடியும். வங்கி பணம் பிடித்திருந்தால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் தேதி, தொகை, கிளைப் பெயரோடு புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். தகுதி இல்லை என்று தள்ளப்பட்டிருந்தால், செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அதில் அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள், அதற்கான தாளை மட்டும் இணையுங்கள்.

முடிந்தால் இந்தப் பணத்துக்கென்று அடிப்படை சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். ஒரு வங்கியில் அடிப்படைக் கணக்கு வைத்தால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது, ஆகவே குழுக் கடன் ஓடும் வங்கியைத் தவிர்த்து வேறு வங்கியில் திறக்க வேண்டும். திறந்ததும் "ஆதாரை இணைத்துவிட்டோம்" என்று கவுண்ட்டரில் சொன்னால் போதாது. அரசு உதவித்தொகை இந்தக் கணக்கில் விழ வேண்டும் என்ற ஒப்புதல் படிவம் தனி. அதில் பழைய வங்கியின் பெயரையும் எழுதச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டில் மாற்றம் ஏறச் சில நாட்கள் ஆகும். பன்னிரண்டு, பதின்மூன்றாம் தேதியில் போய் மாற்றினால் அந்த மாதப் பணம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. இருபதாம் தேதிக்கு மேல் போங்கள்.